சம்பளத்தைக் கூட்டியும் ஆள் ஏன் போகிறார்?

கானாடுகாத்தான், காரைக்குடி பக்கம் பழைய வீட்டை ஹோட்டலாக்கி நடத்துபவர்களிடம் அடிக்கடி கேட்கும் புலம்பல் இது: "நல்லாத்தான் பாத்துக்கிட்டோம், திடீர்னு நின்னுட்டான்." அந்தத் 'திடீர்'தான் முதல் தவறு. முதலில் சலிப்பு, அப்புறம் வெளியே என்ன கிடைக்கும் என்ற விசாரிப்பு, அதற்கும் பிறகே 'நின்னுக்கிறேன்'. வேலையை விடுவது பற்றி ஆராய்ந்த அமெரிக்கர் வில்லியம் மோப்ளி 1977-லேயே இப்படிப் படிப்படியாக விளக்கிவிட்டார். திருப்பூரில் பேசி முடித்துவிட்டு வந்து நிற்பவருக்கு ஆயிரம் ரூபாய் கூட்டுவதால் பெரிய பலன் இருக்காது.

திருப்தியையும் ஈடுபாட்டையும் ஒன்றாக நினைப்பது இதைவிடப் பெரிய தவறு. சம்பளம், சாப்பாடு, லீவு சரியாக இருந்தால் திருப்தி வரும். ஈடுபாடு வேறு. ஆத்தங்குடி தரைக்கல் பட்டறையில் கண்ணாடி மேல் அச்சை வைத்து வண்ணக் குழம்பு ஊற்றுபவரைக் கவனியுங்கள். ஒரு நிறம் பக்கத்துக் கட்டத்தில் இறங்காமல் கரண்டியைச் சாய்ப்பார். மணல் சரியில்லை என்றால் முதலாளியிடமே சண்டை பிடிப்பார். ஒருநாள் அந்தச் சண்டை நின்றுவிடும். நேரத்துக்கு வருவார், குறை சொல்ல மாட்டார். 'தொந்தரவில்லாத ஆள்' என்று முதலாளி நிம்மதியாக இருப்பார். கவலைப்பட வேண்டியதே அப்போதுதான்! சம்பளமும் வசதியும் முணுமுணுப்பை அடக்கும், ஆர்வத்தைத் தராது என்று 1959-இல் அமெரிக்க உளவியலாளர் ஹெர்ஸ்பெர்க் சொன்னார். அதில் ஆய்வாளர்களுக்குள் சண்டை உண்டு. ஆனால் பட்டறையில் பார்க்கும்போது எனக்கு அது சரியாகவே படுகிறது.

முன்பணம் கொடுத்துக் கட்டிப்போடுவது இன்னொரு தவறு. ஆள் இருப்பார், மனசு இருக்காது. பர்மாவிலும் மலாயாவிலும் வட்டிக்கடை வைத்த நகரத்தார் வேறு மாதிரி யோசித்தார்கள். பெட்டியடிப் பையனாக, அதாவது கடையின் எடுபிடியாகச் சேர்ந்தவர், அடுத்தாள் (உதவியாளர்), மேலாள் (கடைப் பொறுப்பாளர்) என்று ஏறலாம். ஒரு தவணை வேலைக்கு மூன்று வருடக் கணக்கு. மேலாளுக்குச் சம்பளத்தோடு லாபத்தில் பங்கு, யாருக்குக் கடன் கொடுப்பது என்ற அதிகாரமும் அவர் கையில். இன்று எத்தனை கடைகளில் அடுத்த படி எது என்று வேலையாளுக்குத் தெரியும்?

நன்றாகச் செய்பவர் தலையிலேயே எல்லா வேலையையும் கட்டுவதும் உண்டு. அவர்தான் முதலில் போவார்.

எல்லாம் சரியாக இருந்தும் போகிறவர்கள் இருக்கிறார்கள். மாமா சிங்கப்பூரிலிருந்து கூப்பிடுவார், கல்யாணம் வரும், ஊர்த் திருவிழாவுக்கு லீவு மறுத்த கோபம் இருக்கும். லீ, மிட்செல் என்ற இரு ஆய்வாளர்கள் 1994-இல் இப்படிப்பட்ட அதிர்ச்சிகளைத் தனியாகவே பேசினார்கள். லீவு உங்கள் கையில் இருக்கிறது, கொடுத்துவிடுங்கள். சிங்கப்பூர் போகிறவரிடம் முகத்தைத் தூக்காமல், பாக்கியை இழுத்தடிக்காமல் கணக்கை முடித்து அனுப்புங்கள். மிச்சமிருப்பவர்கள் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.