கணினியில் பாட்டு கேட்க ஹெட்போன்: பணம் எங்கே வீணாகிறது?

ரூ.1,000 முதல் ரூ.6,000 வரை விலையுள்ள ஹெட்போன் பெட்டிகளை வரிசையாக அடுக்கினால், எல்லாவற்றிலும் கிட்டத்தட்ட ஒரே வாசகங்கள்தான் இருக்கும். 50 மி.மீ. டிரைவர், டீப் பாஸ், 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை, 7.1 சரவுண்ட், 60 மணி நேர பேட்டரி. பாட்டு எப்படிக் கேட்கும் என்ற கேள்விக்கு இதில் எதுவும் பதில் சொல்லாது. கையில் இருக்கும் பணம் குறைவாக இருக்கும்போது தவறு இரண்டு பக்கத்திலும் நடக்கிறது. பெட்டியில் அச்சிட்டதை நம்பி வாங்குவது ஒரு பக்கம். அதைச் செருகப்போகும் கணினியைப் பற்றி யோசிக்காமல் விடுவது மறுபக்கம். இந்த இரண்டாவதைப் பற்றிக் கடைக்காரரும் சொல்ல மாட்டார், விளம்பரமும் சொல்லாது.

பெட்டி மேல் இருக்கும் எண்கள்

டிரைவர், அதாவது உள்ளே ஒலியை எழுப்பும் குட்டி ஸ்பீக்கர், பெரிதாக இருந்தால் ஒலி நன்றாக இருக்கும் என்பது பரவலான நம்பிக்கை. ரூ.900 கேமிங் ஹெட்செட்டிலும் 50 மி.மீ. டிரைவர் வருகிறது. ஒலிப்பதிவுக் கூடங்களுக்கென்று தயாரிக்கும் ஆடியோ-டெக்னிகா ஏடிஎச்-எம்20எக்ஸில் இருப்பதோ 40 மி.மீ. டிரைவர். டிரைவருக்குள் அதிரும் மென்தகடு எதனால் ஆனது, கிண்ணத்தில் காற்றுத் துளை எங்கே இருக்கிறது, குஷன் எவ்வளவு தடிமன் ஆகியவைதான் ஒலியின் குணத்தை முடிவு செய்கின்றன. அளவை மட்டும் வைத்து எதையும் சொல்ல முடியாது.

'20 ஹெர்ட்ஸ் – 20 கிலோஹெர்ட்ஸ்' என்ற அலைவரிசை எல்லையும் அப்படித்தான். இத்தனை டெசிபல் ஏற்ற இறக்கத்துக்குள் என்று சேர்த்துச் சொன்னால்தான் அந்த எண்ணுக்கு மதிப்பு. சொல்லாதபோது, நடுவில் 10 டெசிபல் பள்ளம் இருந்தாலும் அது பொய்யாகிவிடாது. 40 கிலோஹெர்ட்ஸ் என்று போட்ட தங்க நிற 'ஹை-ரெஸ்' முத்திரைக்காகக் கூடுதல் பணம் கொடுப்பதும் வீண். மனிதக் காதின் எல்லை 20 கிலோஹெர்ட்ஸ். நடுவயதைத் தாண்டிய பலருக்கு 15 கிலோஹெர்ட்ஸே கேட்காது.

விலையும் நம்பகமான அளவுகோல் இல்லை. அமெரிக்க ஒலியியல் கழகத்தின் ஆய்விதழில் 2017-இல் வெளியான ஓர் ஆய்வு 283 ஹெட்போன்களை அளந்து பார்த்தது. எந்த அலைவரிசையில் ஒலி எவ்வளவு பலமாக வருகிறது என்பதற்கும் விற்பனை விலைக்கும் தொடர்பு எதுவும் அதில் தெரியவில்லை. விலை உயரும்போது உழைப்பும் வசதியும் கூடலாம். ஒலி கூடியே தீரும் என்று இல்லை. குறைந்த பட்ஜெட்காரர்களுக்கு இது நல்ல செய்தி.

அப்படியானால் எதைப் பார்ப்பது? அந்த மாடலை யாராவது அளந்து வெளியிட்ட அலைவரிசை வரைபடத்தை. அது நேர்கோடாக இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். காதுக் குழாயே 3 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஒலியைத் தூக்கிக் கொடுக்கும் என்பதால், நல்ல ஹெட்போனின் திருத்தப்படாத, அதாவது அளந்தபடியே உள்ள வரைபடத்திலும் அந்த இடத்தில் ஒரு மேடு இருந்தாக வேண்டும். அந்த மேடு இல்லாவிட்டால் பாடகர் குரல் பின்னால் தள்ளிப்போய்விடும். 100 முதல் 300 ஹெர்ட்ஸ் வரை வீங்கியிருந்தால் மிருதங்கத்தின் தொப்பி 'கும்'மென்று பரவி, ஆண் குரலையும் வீணையின் கீழ்த்தந்திகளையும் சேர்த்து மூடும். 'எக்ஸ்ட்ரா பாஸ்' என்று விற்கும் பலவற்றின் கதை இதுதான். 6 முதல் 9 கிலோஹெர்ட்ஸுக்குள் கூரான முனை இருந்தால் ஒவ்வொரு 'ஸ'வும் 'ச'வும் காதைக் குத்தும். முதல் ஐந்து நிமிடம் அது 'தெளிவு' போலத் தோன்றும். அரை மணி நேரத்தில் கழற்றி வைக்கத் தோன்றும்.

ஓம் எவ்வளவு என்று மட்டும் பார்ப்பது

ஓம் (ஹெட்போனின் மின்தடை) அதிகமாக இருந்தால் அது 'ஸ்டுடியோ தரம்' என்று நினைத்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். 80 ஓமுக்கு மேல் போனால் ஆம்ப் (சிக்னலுக்குப் பலம் கூட்டும் கருவி) இல்லாமல் வேலை செய்யாது என்று பயப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். ஓம் பாதிக் கணக்குதான். மீதிப் பாதி சென்சிடிவிட்டி, அதாவது கொடுக்கும் மின்சாரத்துக்கு எவ்வளவு சத்தம் வரும் என்பது.

இந்த எண்ணைச் சில நிறுவனங்கள் ஒரு மில்லிவாட்டுக்கு இத்தனை டெசிபல் என்றும், சில நிறுவனங்கள் ஒரு வோல்ட்டுக்கு இத்தனை என்றும் தருகின்றன. இரண்டையும் அப்படியே ஒப்பிட்டால் கணக்கு தப்பும். ஏடிஎச்-எம்40எக்ஸ் 35 ஓம், மில்லிவாட்டுக்கு 96 டெசிபல். பெயர்டைனமிக் டிடி 770 ப்ரோவின் 250 ஓம் பதிப்பும் 96 டெசிபல்தான். கணினி ஜாக் ஒரு வோல்ட் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். வோல்ட்டின் வர்க்கத்தை ஓமால் வகுத்தால் சக்தி கிடைக்கும். முதலாவதுக்கு ஏறத்தாழ 28.6 மில்லிவாட் போகிறது, ஒலி 110 டெசிபலைத் தாண்டும். இரண்டாவதுக்கு 4 மில்லிவாட்தான் போகும், 102 டெசிபலோடு நிற்கும். ஒரே எண் அச்சிட்ட இரண்டு பெட்டிகளுக்கு இடையே எட்டு டெசிபலுக்கு மேல் வித்தியாசம்.

102 போதாதா என்றால், இன்றைய சினிமாப் பாட்டுக்குத் தாராளம். ஆனால் கச்சேரிப் பதிவுகளும் பழைய ஒலிநாடாவிலிருந்து மாற்றிய பாட்டுகளும் மெதுவான அளவில் இருக்கும். உச்சத்துக்கும் சராசரிக்கும் 15 டெசிபலுக்கு மேல் இடைவெளி இருக்கலாம். அரை வோல்ட் மட்டுமே தரும் லேப்டாப்பில் 250 ஓம் ஹெட்போனைப் போட்டால் இன்னும் ஆறு டெசிபல் குறையும். வால்யூம் 100-இல் வைத்தும் 'இன்னும் கொஞ்சம்' என்று தோன்றும். எனவே ஆம்ப் வாங்கும் எண்ணம் இல்லாதவர்கள் 16 முதல் 80 ஓமுக்குள், மில்லிவாட்டுக்கு 95 டெசிபலுக்கு மேல் இருப்பதை எடுத்தால் போதும். டிடி 770 ப்ரோ 32, 80, 250 என மூன்று ஓம்களில் வருகிறது. தள்ளுபடி கிடைத்ததே என்று 250-ஐ எடுத்துவிட்டு, மிச்சம் பிடித்ததற்கு மேல் ஆம்ப்புக்குச் செலவழிப்பது அடிக்கடி நடக்கும் தவறு.

ஜாக்கை மறந்துவிடுவது

மேசைக் கணினியின் பின்பக்கப் பச்சை ஜாக் பல மதர்போர்டுகளில் ஸ்பீக்கருக்கும் ஆம்ப்புக்கும் கொடுக்கும் லைன்-அவுட் போலத்தான் அமைந்திருக்கிறது. அதன் சொந்த மின்தடை 75 ஓம் வரைகூட இருக்கலாம். அதில் 32 ஓம் ஹெட்போனைப் போட்டால் மின்னழுத்தத்தில் 30 சதவீதம்தான் ஹெட்போனுக்கு வரும். அதைவிட மோசம், ஒலியின் குணமே மாறுவது. ஹெட்போனின் ஓம் எல்லா அலைவரிசையிலும் ஒன்றாக இருக்காது. 80 ஹெர்ட்ஸ் பக்கம் அது 60 ஓமாக ஏறும் ஹெட்போன் என்றால், அந்த இடத்தில் மட்டும் பாஸ் மூன்று டெசிபலுக்கு மேல் கூடிவிடும். வரைபடம் பார்த்து வாங்கிய ஹெட்போன் வீட்டில் வேறு மாதிரிக் கேட்பதற்கு இது ஒரு காரணம். ஜாக்கின் மின்தடை ஹெட்போன் ஓமில் எட்டில் ஒரு பங்குக்குள் இருப்பது நல்லது.

கேபினட்டின் முன்பக்க ஜாக்கில் வேறு தொல்லை. உள்ளே ஓடும் நீளமான மெல்லிய ஒயர், கிராபிக்ஸ் கார்டின் இரைச்சலையும் ஹார்ட் டிஸ்க்கின் 'கிர்ர்' ஒலியையும் வாங்கிக்கொண்டு வரும். மவுஸை நகர்த்தும்போதெல்லாம் காதில் சிணுங்கல் கேட்டால் ஹெட்போனைக் குறை சொல்ல வேண்டாம். லேப்டாப்பில் சார்ஜர் செருகியபோது மட்டும் 'ஹம்' வந்தால், சார்ஜரைப் பிடுங்கிவிட்டு ஒருமுறை கேட்டுப் பாருங்கள். ஹம் போய்விட்டால் ஹெட்போன் மேல் பழி இல்லை என்று தெரிந்துவிடும்.

இந்த இரண்டுக்கும் மலிவான தீர்வு யுஎஸ்பி டாங்கிள், அதாவது யுஎஸ்பி துளையில் செருகினால் ஹெட்போன் ஜாக் தரும் சிறு அடாப்டர். ஆப்பிளின் யுஎஸ்பி-சி டாங்கிள் விண்டோஸ் கணினியிலும் வேலை செய்யும். சுமார் ஒரு வோல்ட் தரும், மின்தடையும் மிகக் குறைவு. ஐரோப்பிய விற்பனைக்கான பதிப்பு மட்டும் அரை வோல்ட். அதே உருவத்தில் நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் அடாப்டர்களில் பலவற்றுக்குள் டிஜிட்டல் சிக்னலை ஒலி சிக்னலாக மாற்றும் டிஏசி சிப்பே கிடையாது, வெறும் ஒயர்தான். சில போன்களில் அவை பாடும். பெரும்பாலான லேப்டாப்களில் ஊமை. விவரக் குறிப்பில் 'டிஏசி' என்ற சொல் இல்லையென்றால் வாங்க வேண்டாம்.

மேசைக் கணினியில் மைக்குக்கும் ஹெட்போனுக்கும் தனித்தனி ஜாக், லேப்டாப்பில் இரண்டும் ஒன்றாக. மைக் வைத்த ஹெட்செட்டின் ஒயர் முனையிலுள்ள பின்னில் மூன்று கறுப்பு வளையங்கள் இருக்கும், மைக் இல்லாததில் இரண்டு. பின் முழுதாக உள்ளே போகாமல் கிரவுண்ட் தொடர்பு விட்டுப்போனால் விசித்திரமான ஒன்று நடக்கும்: இசையும் எதிரொலியும் கேட்கும், பாடுபவரின் குரல் மட்டும் காணாமல் போகும். இடது, வலது இரண்டிலும் சமமாக இருக்கும் குரல் ஒன்றையொன்று கழித்துக்கொள்வதால் வரும் விளைவு இது. ஹெட்போன் பழுது என்று திருப்பி அனுப்பும் முன் பின்னை அழுத்திச் செருகிப் பாருங்கள்.

ப்ளூடூத்தும் மைக்கும்

கணினிக்கு ப்ளூடூத் ஹெட்போன் வாங்குகிறவர்களிடமிருந்து அதிகம் வரும் புகார்: 'போனில் நன்றாகப் பாடுகிறது, லேப்டாப்பில் பழைய டெலிபோன் மாதிரி இருக்கிறது.' மீட்டிங் செயலியோ பிரௌசரோ ஹெட்போனின் மைக்கைத் திறந்தவுடன், ப்ளூடூத் பாட்டுக்கான ஸ்டீரியோ முறையை விட்டு அழைப்புக்கான 'ஹேண்ட்ஸ்-ஃப்ரீ' முறைக்குத் தாவுகிறது. அதில் ஒலி மோனோ. மேல் எல்லை 8 கிலோஹெர்ட்ஸ், பழைய சாதனமாக இருந்தால் 4 கிலோஹெர்ட்ஸ்தான். ஹெட்போனை மாற்றினாலும் இது தீராது. மீட்டிங் செயலியின் அமைப்பில் மைக்காக லேப்டாப்பின் சொந்த மைக்கைத் தேர்ந்தெடுங்கள். ஒலி உடனே பழையபடி திரும்பும். இதைச் சரிசெய்யும் எல்இ ஆடியோ என்ற புதிய ப்ளூடூத் முறை வந்துவிட்டது, ஆனால் கணினி, ஹெட்போன் இரண்டிலும் இருந்தால்தான் பயன்.

ப்ளூடூத்தில் உயர்தர ஒலி அனுப்பும் முறையான 'எல்டிஏசி' எழுத்துக்காக ஆயிரம் ரூபாய் கூட்டிக் கொடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விண்டோஸும் மேக்கும் அதைத் தாமாகத் தருவதில்லை. லினக்ஸில் பைப்வயர் என்ற ஒலி மென்பொருள் இருந்தால் கிடைக்கும். பொதுவாகச் சொன்னால், ரூ.2,500-க்குக் கிடைக்கும் ப்ளூடூத் ஹெட்போனின் விலையில் பேட்டரிக்கும் சிப்புக்கும் மைக்குக்கும் ஒரு பங்கு போய்விடுகிறது. மேசையில் உட்கார்ந்து பாட்டு மட்டும் கேட்பதென்றால் அதே பணத்துக்கு ஒயர் வைத்ததுதான் முந்தும்.

7.1 சரவுண்டைப் பற்றி நிறையச் சொல்ல எதுவும் இல்லை. பாட்டு இரண்டு சேனலில் பதிவாகிறது. அதை ஏழாகப் பிரித்துக் காட்டும் மென்பொருள், குரலைச் சுற்றி ஒரு வெற்றுக் கூடத்தின் எதிரொலியைச் சேர்க்கும், அவ்வளவுதான். விண்டோஸ் சவுண்ட் அமைப்பில் ஸ்பேஷியல் சவுண்ட், ஆடியோ என்ஹான்ஸ்மென்ட் இரண்டையும் அணைத்துவிட்டுக் கேளுங்கள்.

தலையில் எப்படி உட்காருகிறது

கிண்ணத்தின் வெளிப்பக்கம் மூடிய வகையில் குஷன் காதைச் சுற்றி இடைவெளியின்றி ஒட்டினால்தான் பாஸ் நிற்கும். மூக்குக்கண்ணாடியின் தடித்த காது ஃபிரேம் குஷனைத் தூக்கிப் பிடித்தால், அந்தச் சந்து வழியாகக் கீழ் அலைவரிசை வெளியேறிவிடும். 'பாஸே இல்லை' என்ற விமர்சனங்களில் பல இப்படி வருபவை. கண்ணாடி போடுபவர்கள் மெத்தென்ற தடித்த குஷனும் மெல்லிய ஃபிரேமும் பார்த்துக்கொள்ள வேண்டும். காதின் மேல் அமரும் ஆன்-இயர் வகை அரை மணிக்குப் பின் காது மடலை வலிக்கச் செய்யும். நீண்ட நேரம் கேட்பவர்கள் காதைச் சுற்றி மூடும் வகையையே தேர்ந்தெடுக்கலாம்.

கிண்ணத்தின் வெளிப்பக்கம் திறந்திருக்கும் 'திறந்த முதுகு' ஹெட்போன் விசாலமாகப் பாடும், காதும் வியர்க்காது. ஆனால் அது வெளிச் சத்தத்தை அப்படியே உள்ளே விடும். தலைக்கு மேல் மின்விசிறி முழு வேகத்தில் சுற்றும் அறையில், அதைத் தாண்டிக் கேட்க வால்யூமைக் கூட்டிக்கொண்டே போவீர்கள். வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பவருக்கு 80 டெசிபல்தான் எல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். விசிறியும் தெருச் சத்தமும் உள்ள அறைக்கு மூடிய வகையோ, காதுக்குள் செருகும் ஐஇஎம் வகையோ பொருந்தும். ஐஇஎம்மில் ரூ.2,000-க்குள்ளேயே மிகத் தேர்ந்த ஒலி கிடைக்கிறது. அதில் நடக்கும் தவறு ஒன்றே: பெட்டியோடு வந்த நடுத்தர ரப்பர் டிப்பை மாற்றாமலே பயன்படுத்துவது. மூன்று அளவையும் போட்டுப் பாருங்கள். எந்த அளவில் வெளிச் சத்தம் சட்டென்று அடங்குகிறதோ அதுதான் உங்கள் அளவு. இரண்டு காதுக்கும் ஒரே அளவு பொருந்த வேண்டும் என்பதும் இல்லை.

ஒயரின் நீளத்தையும் பாருங்கள். போனுக்கென்று வரும் 1.2 மீட்டர் ஒயர் மேசைக்கடியில் இருக்கும் கேபினட்டுக்கு எட்டாது. எம்20எக்ஸின் மூன்று மீட்டர் ஒயரை லேப்டாப்போடு மடியில் வைத்துக்கொள்வதும் எரிச்சல்தான். கழற்றி மாட்டும் ஒயராக இருந்தால் நல்லது, ஆனால் ஹெட்போனில் செருகும் முனையைக் கவனியுங்கள். சாதாரண 3.5 மி.மீ. என்றால் மாற்று ஒயர் எங்கும் கிடைக்கும். எம்40எக்ஸில் இருப்பது திருகிப் பூட்டும் 2.5 மி.மீ., ஏகேஜி கே240-இல் மினி எக்ஸ்எல்ஆர். தேடித்தான் வாங்க வேண்டும்.

வந்தவுடன் சோதிப்பது

திருப்பி அனுப்பும் கெடு முடியும்வரை பெட்டியையும் உறையையும் தூக்கிப் போடாதீர்கள். 20-இலிருந்து 200 ஹெர்ட்ஸ் வரை மெல்ல ஏறும் ஒலிக்கோப்பு ஒன்றைக் குறைந்த வால்யூமில் ஓடவிட்டால், டிரைவரில் 'டர்ர்' என்று எங்காவது கரகரப்பு இருந்தால் காட்டிக்கொடுத்துவிடும். மோனோ பேச்சுப் பதிவு ஒன்றைப் போடுங்கள். குரல் நெற்றிக்கு நேர் நடுவில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் ஹெட்போனைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். சாய்வும் சேர்ந்து திரும்பினால் குறை ஹெட்போனிலோ ஜாக்கிலோ, அதே பக்கம் நின்றால் உங்கள் காதில். பழைய ஹெட்போனோடு ஒப்பிடும்போது இரண்டின் சத்தத்தையும் காதால் சமன் செய்துகொள்ளுங்கள். ஒரு டெசிபல் கூடுதலாக இருப்பதே 'நல்ல ஒலி'யாகத் தோன்றும்.

சிறிய குறைகளுக்காகத் திருப்பி அனுப்பத் தேவையில்லை. அலைவரிசைகளைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசர் மென்பொருள் போதும்: விண்டோஸில் ஈக்வலைசர் ஏபிஓ, லினக்ஸில் ஈஸி எஃபெக்ட்ஸ், இரண்டும் இலவசம். பாஸை 5 டெசிபல் கூட்டினால் ப்ரீஆம்ப் என்ற மொத்த ஒலி அளவை 5 டெசிபல் குறைக்க வேண்டும். இல்லையென்றால் உச்சங்கள் வெட்டுப்பட்டு ஒலி கரகரக்கும். பலர் ஈக்வலைசரையே வெறுப்பதற்கு இந்த ஒரு ஸ்லைடரை மறந்ததுதான் காரணம்.

செயற்கைத் தோல் குஷன் நம் ஈரப்பதத்துக்கும் வியர்வைக்கும் இரண்டொரு ஆண்டில் உரிந்து கறுப்புச் செதில்களாகக் கழுத்தில் ஒட்டும். வாரண்டியில் அது பெரும்பாலும் சேராது. ஆர்டர் போடும் முன்பே அந்த மாடலின் பெயரோடு 'குஷன்' என்று தேடி, தனியாக விற்கிறார்களா, என்ன விலை என்று பார்த்துவிடுங்கள். வேறு தடிமனில் வரும் மாற்றுக் குஷன் போட்டால் நீங்கள் பார்த்து வாங்கிய வரைபடம் மாறிவிடும். அசல் குஷன் கிடைக்கிற மாடலாக இருந்தால் நூறு இருநூறு ரூபாய் கூடுதலாகக் கொடுக்கலாம்.