ஐடியா இருக்கிறது, யாரிடம் காட்டுவது? முதல் பத்துப் பேரைத் தேடிப் பிடிக்கும் வழி

புதிதாக ஒரு ஆப் யோசித்து வைத்திருக்கிறீர்கள். வீட்டில் சொன்னால் நல்லா இருக்கு என்பார்கள், நண்பர்கள் "செம ஐடியா, பண்ணு" என்பார்கள், ஆனால் அவர்களெல்லாம் உங்கள் முகம் வாடிவிடக் கூடாதே என்று பேசுகிறவர்கள். அந்தப் பாராட்டை நம்பி மாதக்கணக்கில் உழைப்பைக் கொட்டாதீர்கள். உங்களுக்கு வேண்டியது, இந்தப் பிரச்சினையோடு இப்போதே அல்லாடிக்கொண்டிருக்கிற, உங்களை யாரென்றே தெரியாத பத்துப் பேர்.

உதாரணத்துக்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். தனியாக வேலை எடுத்துச் செய்கிற டிசைனர்களுக்கு பில் அனுப்பியும் பணம் வராமல் இழுபடுகிறது. பணம் கேட்க வேண்டிய நாளை டிசைனருக்கு நினைவூட்டும் ஒரு ஆப்.

படி 1: யாருக்கு என்று ஒரே வரியில் எழுதுங்கள்

"எல்லாருக்கும் பயன்படும்" என்று எழுதினால் தேட ஆளே கிடைக்காது. "மூன்று நான்கு வாடிக்கையாளர்களை வைத்துக்கொண்டு, அதில் ஒருவரிடமாவது பணம் சிக்கிக்கிடக்கிற டிசைனர்" என்று எழுதினால் தேடலாம். இன்னும் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: அவர் ஏற்கெனவே ஏதோ ஒரு ஒட்டுவேலை செய்து சமாளித்துக்கொண்டிருக்க வேண்டும். எக்செலில் வராத பணத்துக்கெல்லாம் சிவப்பு நிறம் அடித்து வைத்திருப்பார், ஒவ்வொரு திங்கட்கிழமையும் அலாரம் வைத்திருப்பார். எம்ஐடி பேராசிரியர் எரிக் வான் ஹிப்பல் 1986இல் எழுதிய கட்டுரை இப்படிப்பட்டவர்களைப் பற்றித்தான்: மற்றவர்களுக்குப் பின்னால் வரப்போகிற தேவை இவர்களுக்கு இப்போதே வந்துவிடுகிறது, அதனால் தாங்களே வழி தேட ஆரம்பித்துவிடுகிறார்கள். பிரச்சினை இருந்தும் சும்மா இருக்கிறவருக்கு அது அவ்வளவாக வலிக்கவில்லை, அவரை இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

படி 2: அவர்கள் புலம்பும் இடத்துக்குப் போங்கள்

ரெடிட், ஃபேஸ்புக் குழுக்கள், டிஸ்கார்ட், அந்தத் தொழில்காரர்களின் சந்திப்புகள். தேடும்போது உங்கள் மொழியில் தேடாதீர்கள், "பேமென்ட் ஆட்டோமேஷன்" என்று யாரும் புலம்புவதில்லை, "பணம் கேட்டால் பதிலே இல்லை" என்றுதான் எழுதுவார்கள். அப்புறம், இதே மாதிரி ஏற்கெனவே இருக்கிற ஆப்களுக்கு 2, 3 நட்சத்திரம் போட்டவர்களின் விமர்சனங்களைப் படியுங்கள். ஒரு நட்சத்திரத்தில் பெரும்பாலும் கோபம்தான் இருக்கும், நடுவில் இருப்பவர்தான் என்ன குறைகிறது என்று சொல்வார்.

நேரில் போக முடிந்தால் போய்விடுங்கள். தங்க வீடு பிடித்துத் தரும் ஏர்பிஎன்பி தளத்தின் நிறுவனர்கள் 2009இல் நியூயார்க் போய், வீட்டை வாடகைக்கு விடுகிறவர்களை வீடு வீடாகச் சந்தித்துப் பேசினார்கள், வீட்டைப் படமும் எடுத்துக் கொடுத்தார்கள்.

படி 3: சின்னதாக ஒரு செய்தி

"வணக்கம். வாடிக்கையாளர் இரண்டு மாதமாகப் பணம் தரவில்லை என்று நீங்கள் எழுதியதைப் படித்தேன். இதற்கு ஏதாவது செய்ய முடியுமா என்று பார்க்கிறேன், இப்போதைக்கு விற்க எதுவும் இல்லை. நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள் என்று 20 நிமிடம் பேசலாமா?"

இவ்வளவு போதும். லிங்க் வேண்டாம், எல்லாருக்கும் ஒரே செய்தியை ஒட்டி அனுப்பவும் வேண்டாம். பலர் பதில் போட மாட்டார்கள், சில நாள் கழித்து ஒரே ஒரு முறை நினைவூட்டிவிட்டு அடுத்தவரிடம் போங்கள்.

படி 4: ஐடியாவைச் சொல்லாமல் பேசுங்கள்

இங்கேதான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். ஐடியாவை விளக்கிவிட்டு "இப்படி ஒன்று வந்தால் வாங்குவீர்களா?" என்று கேட்டால், மரியாதைக்காக "வாங்குவேன்" என்றுதான் பதில் வரும். நடந்ததைக் கேளுங்கள். "கடைசியாக யாரிடம் பணம் சிக்கியது? அப்போது என்ன செய்தீர்கள்?"

அவர் இப்படிச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்: "ரெண்டு தடவை மெயில் போட்டேன். மூணாவது தடவை கேட்கக் கூச்சமா இருந்தது, விட்டுட்டேன்." சட்டென்று அடுத்த கேள்விக்குத் தாவிவிடாதீர்கள், அங்கேயே நில்லுங்கள். அவர் மறக்கவில்லை, கேட்கக் கூச்சப்படுகிறார். அப்படியானால் அவருக்கு அலாரம் அடிக்கிற ஆப் உதவாது, அவருக்குப் பதிலாகக் கேட்கிற ஒன்றுதான் வேண்டும். உங்கள் ஐடியாவே மாறிவிட்டது, அதுவும் ஒரு வரி கோட் எழுதுவதற்கு முன்பே.

பேசியதை அன்றே, அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதி வையுங்கள். முடிக்கும்போது இதே தொல்லை உள்ள வேறு யாரையாவது தெரியுமா என்று கேளுங்கள், முன்பின் தெரியாதவருக்கு அனுப்பும் செய்தியைவிட இந்த அறிமுகத்துக்குப் பதில் சீக்கிரம் வரும்.

படி 5: கையால் செய்து காட்டுங்கள்

ஆப் கட்ட அவசரம் வேண்டாம். ஸாப்போஸ் என்ற இணைய ஷூ கடையைத் தொடங்கிய நிக் ஸ்வின்மர்ன் 1999இல் கடைகளில் இருந்த ஷூக்களைப் படமெடுத்து இணையத்தில் போட்டார், ஆர்டர் வந்தபின் அந்தக் கடையில் வாங்கி அனுப்பினார். நீங்களும் முதல் மூன்று டிசைனர்களுக்காக, அவர்களின் வாடிக்கையாளருக்குப் போகும் நினைவூட்டல் மெயிலை நீங்களே எழுதி அனுப்பிப் பாருங்கள். சிறிதாகவாவது கட்டணம் கேளுங்கள். வாயால் சொல்லும் "சூப்பர்" எவ்வளவு தேறும் என்று அப்போது தெரிந்துவிடும்.

ஆப்பின் திரை ஏதாவது தயாரானால், அவர் கையில் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு பாருங்கள். எங்கே தடுமாறுகிறார் என்பதைக் குறித்தால் போதும், உதவிக்குப் போகக் கூடாது. ஐந்து பேர் பயன்படுத்திப் பார்த்தால் பயன்பாட்டுச் சிக்கல்களில் சுமார் 85 சதவீதம் வெளியே வந்துவிடும் என்று பயன்பாட்டு ஆய்வு நிபுணர் ஜேக்கப் நீல்சன் 2000இல் எழுதினார். ஆனால் அந்தக் கணக்கு பட்டன் புரிகிறதா என்பதற்கு, இந்தப் பொருள் வேண்டுமா என்பதற்கு இல்லை.

படி 6: திரும்பிப் போய்ச் சொல்லுங்கள்

மாற்றம் செய்ததும் அதற்குக் காரணமானவரிடம் சொல்லுங்கள்: "கேட்கக் கூச்சமாக இருக்கிறது என்றீர்களே, அதனால் இனி நினைவூட்டல் உங்கள் பெயரில் போகாமல் கணக்குப் பிரிவின் பெயரில் போகும்படி மாற்றியிருக்கிறேன். பார்த்துச் சொல்லுங்கள்." உடனே திறந்து பார்த்து, இன்னும் இது சரியில்லை என்று சண்டைக்கு வருகிறவரின் எண்ணைத் தனியாகச் சேமித்துக்கொள்ளுங்கள். அடுத்த பதிப்பை முதலில் அவருக்கு அனுப்புங்கள்.