கேம்பர் வேனில் ப்ளோயர் ஊதவில்லையா? மோட்டாரைக் கழற்றும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையில் வண்டி வைத்திருப்பவருக்கு ஹீட்டர் ஞாபகம் வருவது வருடத்தில் இரண்டு மூன்று நாள்தான். எங்கள் வேனுக்கு 19 வயது. டீசல் வண்டி. பின்னால் பலகைப் படுக்கையும் சின்ன அடுப்பும் தண்ணீர் கேனும் வைத்துக்கொண்டு விடுமுறை கிடைத்தால் மலைக்குக் கிளம்பிவிடுவோம். ஒரு டிசம்பரில் மேட்டுப்பாளையம் தாண்டி கோத்தகிரி சாலையில் ஏறும்போது இருட்டிவிட்டது. வெளியே பனிமூட்டம், உள்ளே ஐந்து பேர் விடும் மூச்சு. முன்கண்ணாடி முழுக்க ஆவி படிந்துவிட்டது. டேஷ்போர்டுக்குள் காற்று ஊதும் விசிறியான ப்ளோயரின் சுவிட்சைக் கடைசி வரை திருப்பினேன், சத்தமே இல்லை. என் மனைவி துண்டால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வர, ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவையும் தடவித் தடவித்தான் கடந்தோம்.

ஊர் திரும்பியதும் ஒரு பட்டறையில் விட்டேன். "மோட்டார் போச்சு சார்" என்று புது மோட்டார் போட்டுக் கொடுத்தார்கள். பத்து நாள் ஓடியது, மறுபடி நின்றது. கடைசியில் பார்த்தால் டேஷ்போர்டுக்குக் கீழே துருப்பிடித்த ஓர் எர்த் போல்ட்தான் காரணம், அதாவது மின்சாரம் பேட்டரி மைனஸுக்குத் திரும்ப வயரை வண்டி பாடியோடு இணைக்கும் போல்ட். கழற்றி மாட்டும்போது வயர்கள் அசைந்ததில் எர்த் கொஞ்சம் பிடித்திருக்கிறது, அதில்தான் அந்தப் பத்து நாள் ஓடியது. பழைய மோட்டார் நன்றாகவே இருந்தது. இன்றும் வீட்டில் ஸ்பேராக வைத்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு நண்பர்களின் வண்டிகள் நாலைந்தில் இதே பழுதைப் பார்த்துவிட்டேன். எல்லாவற்றிலும் ஒரே கதைதான்: முதலில் மோட்டாரைச் சந்தேகப்படுகிறார்கள். மோட்டார் கடைசியாகச் சந்தேகப்பட வேண்டிய சாமான்.

காற்று வரவில்லையா, சூடு வரவில்லையா?

இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் முதல் தவறு. எஞ்சினைச் சுற்றி வரும் சூடான கூலன்ட், டேஷ்போர்டுக்குள் இருக்கும் ஒரு குட்டி ரேடியேட்டர் வழியாகப் போகிறது. ப்ளோயர் அதன் மேல் காற்றை ஊதுகிறது. ஹீட்டர் என்பது அவ்வளவுதான். காற்று நன்றாக வருகிறது, ஆனால் ஜில்லென்று இருக்கிறது என்றால் ப்ளோயரைத் தொடவே வேண்டாம். கூலன்ட் குறைந்திருக்கலாம், எஞ்சின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் திறந்தபடியே நின்றிருக்கலாம், ஹீட்டர் வால்வு இறுகியிருக்கலாம். இந்த ஊரில் யாருக்கு ஹீட்டர் வேண்டும் என்று, முன்னாடி வைத்திருந்தவர் காலத்திலேயே ஹோஸை ஹீட்டருக்குப் போகாமல் பைபாஸ் செய்து விட்டிருக்கவும் கூடும். செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டி என்றால் அதை முதலில் பாருங்கள்.

அதே ப்ளோயர்தான் ஏசிக்கும் காற்று தருகிறது. ஏசி போட்டு ஒரு மணி நேரத்தில் காற்று மெல்ல மெல்லக் குறைந்து, கொஞ்ச நேரம் அணைத்து வைத்தால் திரும்ப வருகிறதா? அது கூலிங் காயிலில் ஐஸ் கட்டி வழியை அடைப்பது. மோட்டார் பாவம், ஊதிக்கொண்டுதான் இருக்கும்.

எந்த வேகத்தில் ஓடுகிறது என்று கவனிக்காமல் விடுவது

ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போனால் நல்லவர் முதலில் கேட்கும் கேள்வி இதுதான். 1, 2, 3 எதிலும் ஓடாமல் 4-ல் மட்டும் ஓடுகிறது என்றால் பாதிப் பழுதைக் கண்டுபிடித்தாகிவிட்டது. மாற்ற வேண்டியது வேகத்தைக் குறைத்துக் கொடுக்கும் ரெசிஸ்டரை. குறைந்த வேகங்களில் மின்சாரம் ரெசிஸ்டர் கம்பிச் சுருள்கள் வழியாகப் போகிறது, முழு வேகத்தில் அதைத் தாண்டி நேராக மோட்டாருக்குப் போய்விடுகிறது. முழு வேகத்தில் மோட்டார் ஓடுகிறது என்றால் மோட்டார், எர்த், மெயின் ஃப்யூஸ் எல்லாமே வேலை செய்கின்றன என்றுதான் அர்த்தம். இதற்குப் போய் மோட்டார் வாங்கியவர்களை எனக்குத் தெரியும்.

ரெசிஸ்டர் ஏன் காற்றுக்குழாய்க்குள் உட்கார்ந்திருக்கிறது தெரியுமா? ஓடும்போது அது நன்றாகச் சூடாகும், ஊதும் காற்றுதான் அதை ஆற்றுகிறது. அதனால் அதை வெளியே தொங்கவிட்டு டேப் சுற்றி வைப்பது ஆபத்து. பல ரெசிஸ்டர்களில் அதிகச் சூட்டில் அறுந்துவிடும் ஒரு சின்ன தெர்மல் ஃப்யூஸ் உண்டு. அது போனால் ஒரு துண்டுக் கம்பியைப் போட்டுச் சாலிடர் செய்து கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். அந்த ஃப்யூஸ் அறுந்ததற்குக் காரணம் இருக்கும்: மோட்டார் தண்டைத் தாங்கும் புஷ் இறுகி மோட்டார் மெதுவாகச் சுற்றியிருக்கும், இல்லையென்றால் இலையும் தூசியும் காற்றை அடைத்திருக்கும். காரணம் அப்படியே இருக்க ஃப்யூஸை மட்டும் ஒழித்துவிட்டால், அடுத்து உருகப் போவது சுற்றியிருக்கும் பிளாஸ்டிக். புது ரெசிஸ்டர் போட்டு அதுவும் சீக்கிரம் போனால் மோட்டாரைக் கையால் சுற்றிப் பாருங்கள். லேசாகத் தட்டினாலே சில சுற்றாவது ஓடி நிற்க வேண்டும்.

ஃப்யூஸ் போனால் பெரிய ஃப்யூஸ்

15 ஆம்பியர் நீலம் போகிறது, 20 மஞ்சள் போடு, அதுவும் போனால் 30 பச்சை. இப்படி ஏற்றிக்கொண்டே போனால் அடுத்து எரிவது வயர்தான். ஃப்யூஸ் இருப்பது வயரைக் காப்பாற்றத்தான். எந்த இடத்துக்கு எத்தனை ஆம்பியர் என்று ஃப்யூஸ் பெட்டி மூடியிலேயே போட்டிருப்பார்கள், அதைத் தாண்ட வேண்டாம். ஃப்யூஸ் நல்லதாக இருந்தாலும் அது உட்காரும் குழியைப் பாருங்கள். பிளாஸ்டிக் பழுப்பேறி இளகியிருந்தால் பிடிப்பு தளர்ந்து சூடாகிறது என்று பொருள்.

12 வோல்ட் வருகிறதே!

இதுதான் என்னையும் ஏமாற்றிய தவறு, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பட்டறையில் மோட்டார் கப்ளரை, அதாவது வயர் இணைப்பானை, கழற்றி மல்டிமீட்டரை வைத்தார்கள், 12.4 வோல்ட் காட்டியது. "கரன்ட் வருது, மோட்டார்தான் ஓடல" என்று முடிவு கட்டிவிட்டார்கள். மல்டிமீட்டர் இழுக்கும் மின்சாரம் ஒன்றுமே இல்லை. ஒற்றை இழை பிடித்திருந்தாலும் அது 12 காட்டிவிடும். ப்ளோயர் மோட்டாரோ முழு வேகத்தில் 10 ஆம்பியருக்கு மேல் கேட்கும். துருப்பிடித்த இணைப்பால் அதைக் கொடுக்க முடியாது.

அதனால் கப்ளரை மாட்டியபடியே, சுவிட்சை முழு வேகத்தில் வைத்து, கப்ளரின் பின்பக்கமாக மீட்டர் முள்ளை நுழைத்து அளக்க வேண்டும். எங்கள் வேனில் அப்படி அளந்தபோது 12.4 இருந்த இடத்தில் 3 வோல்ட்தான். மீதி எங்கே போனது? மீட்டரின் ஒரு முள்ளை பேட்டரியின் மைனஸ் முனையில் வைத்து, இன்னொன்றை மோட்டாரின் எர்த் வயரில் வைத்தேன். அங்கே 9 வோல்ட் காட்டியது. நல்ல வண்டியில் இந்த இடத்தில் அரை வோல்ட்டுக்குள்தான் இருக்க வேண்டும். ப்ளஸ் பக்கத்தையும் இதேபோல் பேட்டரி ப்ளஸ்ஸிலிருந்து மோட்டார் வரை அளந்து பார்க்கலாம்.

கிளவ் பாக்ஸைக் கழற்றி டார்ச் அடித்துக் கறுப்பு வயரைத் தொடர்ந்து போனேன். கதவோரம் பாடித் தகரத்தில் ஒரு போல்ட், அதன் கீழ் மூன்று வயர்களின் வளையங்கள். மேலே பார்க்க இறுக்கமாக, சுத்தமாகவே இருந்தது. கழற்றியதும் கீழ் வளையத்தின் அடிப்பக்கம் முழுக்கப் பச்சைக் களிம்பு, தகரத்தில் செதில் செதிலாகத் துரு. நாங்கள் இருப்பது திருவான்மியூர். கடல் காற்று படும் இடத்தில் நிற்கும் வண்டிக்கு இது எப்போது வேண்டுமானாலும் வரலாம். உப்புத்தாளால் தகரம் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, வளையங்களைச் சுத்தம் செய்து, நட்சத்திர வாஷர் போட்டு இறுக்கி, மேலே வாசலின் தடவினேன். ஒரு மணி நேர வேலைதான். ப்ளோயர் அன்றைக்கு ஊதியதுபோல் அதற்கு முன் ஊதியதே இல்லை.

இன்னொன்றும் இங்கே சொல்லிவிட வேண்டும். நிறைய ஜப்பானிய வடிவமைப்பு வண்டிகளில் சாவி போட்டதும் மோட்டாருக்கு ப்ளஸ் வந்துவிடும், சுவிட்சும் ரெசிஸ்டரும் எர்த் பக்கம்தான் இருக்கும். அப்படிப்பட்ட வண்டியில் சுவிட்சை ஆன் செய்த பிறகும் மோட்டாரின் இரண்டு வயரிலும் பாடிக்கு எதிராக 12 வோல்ட் காட்டினால், "மோட்டார் ஷார்ட்" என்று பயப்பட வேண்டாம். எர்த் பக்கம் எங்கோ திறந்து கிடக்கிறது, அவ்வளவுதான். சுவிட்ச், ரெசிஸ்டர், எர்த் போல்ட் மூன்றையும் பாருங்கள்.

மீட்டரை ஆம்பியர் நிலையில் வைத்துவிட்டு வோல்ட் அளக்கப் போகாதீர்கள், உள்ளே இருக்கும் ஃப்யூஸ் போய்விடும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்கும் சாதாரண மீட்டரே இந்த வேலைக்குப் போதும்.

மழை, இலை, எலி

வைப்பர் கம்பிகளுக்குக் கீழே இருக்கும் பள்ளத்தில் விழும் மழைத்தண்ணீர் வெளியேற ஒரு துளை உண்டு. தூங்குமூஞ்சி மரத்தடியில் நிறுத்தும் வண்டியில் அந்தப் பொடி இலைகள் துளையை அடைத்துக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தேங்கும் தண்ணீர் ப்ளோயர் மேலேயே இறங்கும். மோட்டார் துருப்பிடித்துக் கீச்சிடுகிறது என்று அதை மட்டும் மாற்றினால் அடுத்த மழையில் புதுசும் போகும். முதலில் துளையைத் திறந்துவிடுங்கள். மாதக்கணக்கில் நிற்கும் கேம்பர் வேனுக்குள் எலி வயரைக் கடிப்பதும், ப்ளோயர் கூண்டுக்குள் காகிதத்தையும் பஞ்சையும் சேர்த்து வைப்பதும் சகஜம். சுவிட்ச் போட்டதும் டடடட என்று சத்தம் வந்தால் உடனே அணைத்துவிட்டுக் கூண்டைக் கழற்றிப் பாருங்கள்.

மோட்டார் விஷயத்தில்

ஃப்யூஸ் வைத்த இரண்டு வயரால் பேட்டரியிலிருந்து நேராகக் கொடுத்துப் பாருங்கள். ஓடினால் மோட்டாரை மன்னித்துவிடலாம். ஓடாமல், ஸ்க்ரூடிரைவர் பிடியால் லேசாகத் தட்டியதும் ஓட ஆரம்பித்தால் சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது. அன்று தட்டி ஓட்டிவிட்டு மலைக்குக் கிளம்பாதீர்கள்.

கீச்சிடும் புஷ்ஷில் தேங்காய் எண்ணெய் விடுவது, துரு நீக்கும் ஸ்ப்ரேயை அடித்து நனைப்பது இரண்டும் வேண்டாம். எண்ணெய் வழிந்து பிரஷ் பக்கம் போனால் கார்பன் தூளோடு சேர்ந்து பிசுக்காகிவிடும். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு, புஷ்ஷில் மட்டும்.

சென்னை புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் மோட்டார் வாங்கினால் கடையிலேயே பேட்டரி வைத்து ஓட்டிப் பார்த்து வாங்குங்கள். சுற்றும் திசையையும் குறித்துக்கொள்ளுங்கள். ப்ளஸ், மைனஸ் வயரை மாற்றிக் கொடுத்தால் இந்தக் கூண்டு விசிறி தலைகீழாகச் சுற்றும். அப்போதும் காற்று அதே வழியில்தான் வரும், ஆனால் சோம்பலாக வரும். புது மோட்டார் போட்டும் காற்றில் வேகமில்லை என்பவர்கள் முதலில் இதைப் பார்க்க வேண்டும்.

கருகிய கப்ளரை வெட்டி எறிந்துவிட்டு வயர்களை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றுவதும் கூடாது. நம்மூர் வெயிலில் டேப்பின் பசை உருகிச் சுற்று பிரிந்துவிடும். வயரோடு வரும் புதுக் கப்ளரை அதே தடிமனில் வாங்கி, சாலிடர் செய்து, சூடாக்கினால் சுருங்கும் உறை போட வேண்டும்.

ஹீட்டர் இல்லாத இரவில்

ப்ளோயர் நின்றுவிட்டது, ஊட்டியில் குளிர் தாங்கவில்லை என்று மூடிய வேனுக்குள் கேஸ் அடுப்பையோ கரி அடுப்பையோ எரியவிட்டுத் தூங்காதீர்கள். எஞ்சினை ஓடவிட்டும் தூங்காதீர்கள். கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனை கிடையாது, மூச்சு முட்டும் உணர்வும் வராது. தலை வலிக்கிறது என்று நினைப்பதற்குள் எழுந்து கதவைத் திறக்கும் தெம்பு போய்விடும். இன்னொரு கம்பளி எடுத்துப் போங்கள், இல்லையென்றால் அறை எடுத்துத் தங்குங்கள்.

எங்கள் வேன் இப்போது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், வெயில் ஏறும் முன், எஞ்சின் சூடானதும் ஹீட்டரைத் திறந்து நான்கு வேகத்திலும் இரண்டிரண்டு நிமிடம் ஓடுகிறது. அணைத்த பிறகு கிளவ் பாக்ஸுக்குக் கீழே கையை விட்டு மோட்டார் கப்ளரைத் தொட்டுப் பார்ப்பேன். லேசாக வெதுவெதுப்பாக இருந்தால் பரவாயில்லை. விரலை வைத்திருக்க முடியாத சூடு என்றால் அன்றைக்கே கழற்றிச் சுத்தம் செய்துவிடுவேன்.