வம்சாவளி டிஎன்ஏ சோதனை: சதவீதத்தைப் படிப்பதில் நடக்கும் தவறுகள்

சோதனை முடிவைத் திறந்ததும் பலருடைய கண் போவது ஓரத்தில் ஏதோ ஒரு பகுதியின் பெயரோடு இருக்கும் 2%, 3% பக்கம்தான். "அட, நம் குடும்பத்தில் இப்படி ஒருவர் இருந்தாரா!" என்று கதை கட்டத் தொடங்கிவிடுவோம். அந்த முடிவிலேயே ரொம்பப் பலவீனமான எண் அதுதான். அருகருகே வாழும் மக்களின் மரபணு பெரிதாக வேறுபடுவதில்லை. டிஎன்ஏவின் ஒரு சிறு துண்டு எந்தப் பகுதி மக்களைச் சேர்ந்தது என்பதில் கணினி எளிதில் தடுமாறும். எண்ணோடு வரம்பும் (குறைந்தது இவ்வளவு, அதிகபட்சம் இவ்வளவு என்று) கொடுத்திருந்தால் பாருங்கள். அது 0-வில் தொடங்கினால் கதையை நிறுத்திவிடலாம்.

இதைவிடப் பெரிய தவறு, அந்தச் சதவீதம் முன்னோர்களை நேரடியாக எண்ணி வந்தது என்று நினைப்பது. உங்கள் டிஎன்ஏவை ஒப்பிடுவது இன்று வாழும் மனிதர்களோடு. அப்படி ஒப்பிடப் பயன்படும் தொகுப்புகளில் ஒன்று, உலகின் பல பகுதி மக்களின் டிஎன்ஏவைப் படித்த 1000 ஜீனோம்ஸ் திட்டத்துடையது. அதன் இறுதித் தொகுப்பில் 26 குழுக்களைச் சேர்ந்த 2,504 பேர் இருக்கிறார்கள். உலகத்துக்கு இது எவ்வளவு சிறிய மாதிரி! அதில் 'வடக்கு, மேற்கு ஐரோப்பிய வம்சாவளி' என்ற குழுவுக்கு மாதிரி எடுத்த இடம் அமெரிக்காவின் யூட்டா. உங்கள் மக்கள் அந்தத் தொகுப்பிலேயே இல்லை என்றால்? மென்பொருள் பெரும்பாலும் "தெரியவில்லை" என்று கைவிரிக்காது. கூட்டுத்தொகை 100 வர வேண்டும் என்பதால், இருப்பதில் நெருங்கியவர்களைக் கலந்து உங்களை அதில் பொருத்திவிடும். நிறுவனம் தொகுப்பைப் புதுப்பித்தால் முடிவு மாறுவதும் இதனால்தான். உங்கள் டிஎன்ஏ அப்படியேதான் இருக்கிறது.

அண்ணனுக்கும் தங்கைக்கும் வேறு வேறு சதவீதம் வந்தால் சந்தேகப்பட வேண்டாம். பெற்றோரிடமிருந்து ஆளுக்குப் பாதி வருகிறது, ஆனால் எந்தப் பாதி என்பது ஒவ்வொரு பிள்ளைக்கும் மாறும். பத்துத் தலைமுறை பின்னால் போனால் வம்ச மரத்தில் 1,024 இடங்கள். அவர்களில் பலருடைய டிஎன்ஏ ஒரு துளிகூட உங்களிடம் இருக்காது. ஆகவே 0% வந்ததால் அப்படி ஒரு முன்னோர் இல்லவே இல்லை என்று ஆகாது.

சரி, 2009-இல் வந்த அட்மிக்ஸ்சர் போன்ற, வம்சாவளிச் சதவீதத்தைக் கணக்கிடும் மென்பொருளை நீங்களே ஓட்டிப் பார்க்கிறீர்கள் என்றால் சிக்கல் வேறு. எல்லோருடைய டிஎன்ஏவையும் எத்தனை கூறுகளாகப் பிரிக்க வேண்டும் என்று சொல்வது நீங்கள். ஒவ்வொரு கூறுக்கும் படத்தில் வரும் வண்ணங்களை 'கலப்பில்லாத ஆதி இனங்கள்' என்று படிக்காதீர்கள். ஒரே குடும்பத்தினர் நாலைந்து பேர் தொகுப்பில் இருந்தாலே அவர்களுக்கென்று தனி வண்ணம் முளைத்துவிடும். உறவினர்களை முதலில் நீக்குங்கள். அப்புறம், இரண்டு டிஎன்ஏ கோப்புகளை இணைக்கும்போது இரண்டும் ஒரே மரபணு வரைபடப் பதிப்பில்தான் (டிஎன்ஏவின் ஒவ்வொரு இடத்துக்கும் எண் தரும் பொது வரைபடம்) இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒன்று 37, மற்றது 38 என்றால் இட எண்கள் பொருந்தாது. ஒரே இடத்தில் சிலருக்கு ஏ, சிலருக்கு டி (அல்லது சிலருக்கு சி, சிலருக்கு ஜி) என்ற டிஎன்ஏ எழுத்து இருக்கும் மாறுபாடுகளையும் விலக்கிவிடுவது நல்லது. டிஎன்ஏவின் இரண்டு இழைகளில் அந்த எழுத்துகள் ஒன்றுக்கொன்று ஜோடி என்பதால், ஒரு கோப்பு எதிர் இழையைப் படித்திருந்தாலும் கண்ணில் படாது, பிழைச் செய்தியும் வராது. முடிவு மட்டும் விநோதமாக இருக்கும்.