திருகோணமலையில் கல்லூரி உதைபந்தாட்ட அரங்கு கட்டுமுன்

ஆடுகளம் மட்டும் 105க்கு 68 மீற்றர். பார்வையாளர் படிக்கட்டு, வாகனத் தரிப்பிடம் என்று சேர்த்தால் நகருக்குள் காணி தேடுவதே பெரும்பாடு. நீளப்பக்கம் வடக்கு தெற்காக இருக்கட்டும். இல்லையெனில் பின்னேர வெயில் கோல்காப்பாளரின் கண்ணில் குத்தும்.

உண்மையான எதிரி ஒக்டோபரில் தொடங்கும் மாரிமழை. நடுவிலிருந்து பக்கக்கோடு வரையான 34 மீற்றருக்குள் 25 முதல் 34 சென்ரிமீற்றர் சரிவு கொடுங்கள். புல்லின் கீழ் மணல், அதன் கீழ் சல்லி, சல்லிக்குள் துளையிட்ட குழாய். குழாயின் வாயைத் தாழ்வான கானில் விட்டால், கான் நிரம்பியதும் தண்ணீர் திரும்பிக் களத்துக்கே வரும். கடல்மணலைக் கழுவாமல் கொட்டாதீர்கள், உப்பில் புல் கருகிவிடும்.

உப்புக்காற்றுக்கு இரும்புத் தூண்களில் வெறும் பெயின்ற் போதாது, நாகமுலாம் (துத்தநாகப் பூச்சு) வேண்டும். வேலியையும் உயர்த்திப் போடுங்கள். ஊருக்குள் திரியும் மான்களுக்கு இளம்புல் என்றால் கொள்ளை ஆசை.