மாவு ஓடு இல்லாத பம்ப்கின் பை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நவம்பர் மாதத்தின் நான்காம் வியாழக்கிழமையான நன்றி நவிலும் நாள் நெருங்கும்போது, அமெரிக்க வீடுகளில் பம்ப்கின் பை செய்யும் வேலை தொடங்கிவிடுகிறது. பரங்கிக்காய்க் கலவையை மாவாலான ஓட்டில் ஊற்றி ஓவனில் வேகவைக்கும் இனிப்பு அது. கோதுமை ஒவ்வாதவர்களுக்காகவும், மாவு பிசைந்து திரட்டும் வேலையைத் தவிர்ப்பதற்காகவும் அதை மாவு ஓடு இல்லாமல் செய்பவர்கள் பலர் உண்டு. புதிதாகச் செய்பவர்களின் பக்கத்தில் நின்று பார்க்கும்போதெல்லாம், தொடக்கத்தில் நான் செய்த பிழைகளையே அவர்களும் செய்வதைக் காண்கிறேன். சர்க்கரையை மறப்பது, ஓவனை முன்கூட்டிச் சூடாக்காமல் விடுவது போன்றவற்றை எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒருமுறை பட்டால் போதும். பட்ட பிறகும் காரணம் புரியாமல் தொடரும் தவறுகளைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

டப்பாவை மாற்றி வாங்குதல்

வெறும் பரங்கிக்காய் விழுது அடைத்த டப்பாவும், சர்க்கரையும் மசாலாவும் முன்பே கலந்த பை மிக்ஸ் டப்பாவும் கடையில் அருகருகே இருக்கும். நமக்கு வேண்டியது வெறும் விழுது.

நடுப்பகுதி அசைகிறதென்று மீண்டும் ஓவனுக்குள் வைத்தல்

இன்றுவரை எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். 425 கிராம் பரங்கிக்காய் விழுது, இரண்டு முட்டை, சுமார் 350 மில்லி எவாப்பரேட்டட் மில்க் (நீரை வற்றவைத்த பால்), முக்கால் கப் சர்க்கரை, பட்டை, சுக்கு, கிராம்புப் பொடிகள் ஆகியவை சேர்ந்த இந்தக் கலவை, அடிப்படையில் முட்டை சேர்ந்த ஒரு கஸ்டர்டு. அதைக் கெட்டிப்படுத்துவது முட்டையின் புரதம். 80 டிகிரி செல்சியஸை ஒட்டி அந்தப் புரதம் பின்னிக்கொண்டு நீரைத் தன்னுள் பிடித்து வைக்கிறது. 85 டிகிரியைத் தாண்டினால் சுருங்கி, பிடித்து வைத்த நீரையே வெளியே பிழிந்துவிடுகிறது.

மாவு ஓடு உள்ள பையை முதல் 15 நிமிடம் 425 டிகிரி ஃபாரன்ஹீட்டில், அதாவது சுமார் 220 செல்சியஸில் வைக்கச் சொல்வது, மாவு வெந்து இறுகவும் அடிப்பகுதி சதசதத்துப் போகாமல் இருக்கவும்தான். ஓடு இல்லையென்றால் அந்தத் தொடக்கச் சூட்டுக்கு வேலையே இல்லை. அதோடு, பாத்திரத்தின் சூடு கஸ்டர்டை நேராகத் தாக்காமல் தடுத்துக்கொண்டிருந்த அடுக்கும் இல்லாமல் போகிறது. அதனால் நடுப்பகுதி முழுவதும் இறுகும்வரை காத்திருந்தால், அதற்குள் ஓரங்கள் எல்லை தாண்டி வெந்துவிடும். ‘மாவை மட்டும் விட்டுவிடுங்கள், மற்றதெல்லாம் அப்படியே’ என்று எழுதிவிடும் செய்முறைக் குறிப்புகள் இந்த அடிப்படையையே மறந்துவிடுகின்றன. அவற்றை நம்பியவர்களின் உழைப்பும் பொருளும் வீணாவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை.

கோதுமையே சேர்க்கக்கூடாத விருந்தினர் ஒருவருக்காக ஒரு தோழி இதைச் செய்தபோது நான் உடன் இருந்தேன். கலவை மிக நன்றாக வந்திருந்தது. ஓரம் இறுகி நடுப்பகுதி மெல்ல அசைந்த நிலையில், எடுத்துவிடலாம் என்றேன். ஆனால் அவர் நடுவில் கத்தியை விட்டுப் பார்த்தார், கத்தியில் ஒட்டியது. பத்து நிமிடம், பிறகு இன்னும் பத்து நிமிடம் என்று நீட்டித்து, கத்தி சுத்தமாக வந்த பிறகே எடுத்தார். ஆறியதும் மேற்பரப்பில் பிளவு ஓடியது. மறுநாள் வெட்டியபோது தட்டில் நீர் தேங்கியது; ஓரத்துத் துண்டுகள் திரிந்த பால் திப்பிகளாக நாக்கில் பட்டன. அந்த விருந்தில் அந்த மனிதர் உண்ணக்கூடிய ஒரே இனிப்பு அதுதான்.

ஓவனைத் தொடக்கத்திலிருந்தே 325 டிகிரி ஃபாரன்ஹீட்டில், அதாவது சுமார் 165 செல்சியஸில் வையுங்கள். பாத்திரத்தின் அளவைப் பொறுத்து நேரம் மாறும் என்பதால் 35ஆம் நிமிடத்திலிருந்தே பார்க்கத் தொடங்குங்கள். பாத்திரத்தை லேசாக ஆட்டினால் ஓரத்திலிருந்து இரண்டு மூன்று விரற்கடை அளவு அசையாமல் நிற்க வேண்டும். நடுப்பகுதி ஜெல்லியைப் போல ஒன்றாகச் சேர்ந்து அசைய வேண்டும். நடுவில் திரவமாக அலை எழுந்தால் மட்டும் இன்னும் சில நிமிடம் விடலாம். சமையல் வெப்பமானி இருந்தால் நடுப்பகுதி 175 டிகிரி ஃபாரன்ஹீட்டை, அதாவது சுமார் 80 செல்சியஸை எட்டியதும், சற்று முன்பாகவேகூட, எடுத்துவிடுங்கள். வெளியே எடுத்த பிறகும் ஓரத்தில் உள்ள சூடு நடுவை நோக்கி நகர்ந்து மீதியை வேகவைக்கும். நம்பி எடுப்பதற்குத்தான் புதியவர்கள் தயங்குகிறார்கள்.

இன்னும் உறுதியான வழி வேண்டுமென்றால், பாத்திரத்தை ஒரு பெரிய தட்டில் வைத்து அதன் பாதி உயரம்வரை வெந்நீர் ஊற்றுங்கள். தண்ணீர் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது என்பதால் ஓரங்கள் காக்கப்படும். இம்முறையில் நேரம் கூடுதலாகும். அசைவைப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

முகம் செதுக்கிய பரங்கிக்காயைச் சமைத்தல்

பரங்கிக்காயில் முகம் செதுக்கி வைக்கும் ஹாலோவீன் நாளான அக்டோபர் 31 முடிந்ததும் வாசலில் மிஞ்சும் பெரிய காயை வீணாக்க மனம் வராதது நியாயமே. ஆனால் அவை செதுக்குவதற்காக வளர்க்கப்படும் வகைகள். நாரும் நீரும் மிகுதி, சுவை குறைவு. செதுக்கி வெளியே வைத்திருந்த காய் விரைவில் கெடவும் செய்யும். புதிய காயில்தான் செய்ய வேண்டுமென்றால் சிறிய சுகர் பம்ப்கின் அல்லது பட்டர்நட் ஸ்குவாஷ் என்னும் பரங்கி வகை வாங்குங்கள். லிப்பீஸ் நிறுவனத்தின் விழுது டப்பாவில் இருக்கும் டிக்கின்சன் வகை, பட்டர்நட்டின் இனத்தைச் சேர்ந்ததே. வெந்த விழுதைத் துணியில் வடித்து, பிறகு வாணலியில் கிளறி நீரை வற்றவிடாமல் கலவையில் சேர்க்காதீர்கள்.

கன்டென்ஸ்டு மில்க்கை மாற்றி ஊற்றுதல்

அதில் சர்க்கரை உண்டு. எவாப்பரேட்டட் மில்க்கில் சேர்க்கப்பட்ட சர்க்கரை இல்லை.

மிக்ஸியில் நுரைக்க அடித்தல்

கையால் கலக்கினால் போதும்.

ஓடு இல்லையென்றால் கோதுமையும் இல்லை என்று நம்புதல்

ஓடு இல்லாத பைகளுக்கான சில செய்முறைகளில் கலவையிலேயே அரை கப் பிஸ்கட் மாவுக் கலவை சேர்ப்பார்கள். வழக்கமான பிஸ்கட் மாவுக் கலவை கோதுமையால் ஆனது. பாத்திரத்தில் வெண்ணெய் தடவி மைதா தூவும் பழக்கமும் அப்படியே. கோதுமை ஒவ்வாதவருக்குச் செய்யும்போது வெண்ணெய் மட்டும் தடவுங்கள்.

சூட்டோடு வெட்டுதல்

ஆறவிட்டு, குளிர்சாதனப் பெட்டியில் சில மணி நேரம் வைத்தபின் வெட்டுங்கள். ஆனால் முட்டையும் பாலும் சேர்ந்த பண்டம் என்பதால், இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே விடாதீர்கள்.

முட்டையில்லாப் பைக்கும் இதே பக்குவத்தைப் பார்த்தல்

முட்டை உண்ணாத நம் வீடுகளில் சோள மாவு (கார்ன்ஃப்ளோர்) சேர்த்துச் செய்வதுண்டு. அங்கே மேலே சொன்ன பக்குவம் பொருந்தாது. சோள மாவு முழுமையாகக் கெட்டிப்பட 90 டிகிரி செல்சியஸுக்கும் மேலான சூடு வேண்டும். எனவே ஓரங்களில் குமிழி எழும்வரை வேகவிட்டு, இரவு முழுவதும் குளிரவைத்தால்தான் துண்டு நிற்கும்.