பஸ்டர் கீட்டன் படங்களைச் சேகரிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்க நகைச்சுவை நடிகரும் இயக்குநருமான பஸ்டர் கீட்டனின் மௌனப் படங்களைச் சேகரிக்கத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் படத்தின் பெயரைப் பார்த்தே வட்டை வாங்குகிறார்கள். 'தி ஜெனரல்' ஒன்று, 'ஷெர்லாக் ஜூனியர்' ஒன்று என்று அலமாரி நிரம்பிவிடுகிறது. வட்டில் உள்ள படம் எந்தப் பிரிண்டிலிருந்து (படச்சுருள் பிரதியிலிருந்து) எடுக்கப்பட்டது, யாரால், எப்போது சீரமைக்கப்பட்டது என்ற கேள்வி மட்டும் எழுவதில்லை. நூறாண்டைத் தொட்ட இப்படங்களுக்கு ஒரே வடிவம் என்று ஒன்று கிடையாது. ஒரே நூலின் பல சுவடிகளை ஒப்பிட்டு, பாடபேதங்களைக் குறித்துப் பதிப்பித்த வேலைக்கு நெருக்கமானது மௌனப் படச் சீரமைப்பு. ஆகவே பெயரை மட்டும் பார்த்து வாங்குவதே முதல் தவறு; பின்வரும் தவறுகளில் பெரும்பாலானவை இதிலிருந்து கிளைத்தவை.

கீட்டன் 1920 முதல் 1923 வரை 19 குறும்படங்களும், 1923 முதல் 1928 வரை தம் சொந்தத் தயாரிப்புக் குழுவுடன் 10 முழுநீளப் படங்களும் எடுத்தார். அவற்றுள் பல, எளிதில் தீப்பற்றுவதும் காலப்போக்கில் தூளாகிவிடுவதுமான நைட்ரேட் படச்சுருளில் கேட்பாரற்றுக் கிடந்தன. 1950களில், பெவர்லி ஹில்ஸில் கீட்டன் முன்பு வாழ்ந்த மாளிகையை வாங்கியிருந்த நடிகர் ஜேம்ஸ் மேசன், அங்கே அடைத்து வைக்கப்பட்டிருந்த பிரிண்டுகளைக் கண்டெடுத்தார். அதே பத்தாண்டில் ரேமண்ட் ரோஹௌர் என்னும் விநியோகஸ்தர் கீட்டனுடன் கூட்டுச் சேர்ந்து, கிடைத்த பிரிண்டுகளையெல்லாம் திரட்டிப் புதிய பிரதிகள் எடுத்தார். இப்படங்கள் இன்று நம் கைக்கு வந்து சேர்ந்ததில் ரோஹௌருக்குப் பெரும் பங்கு உண்டு. புதிதாக உரிமை கோருவதற்காக, காட்சிகளுக்கிடையே எழுத்தில் வரும் வசன அட்டைகளை மாற்றியமைத்தவர் என்ற அவப்பெயரும் அவருக்கே உண்டு. எனவே பழைய வட்டு ஒன்றில் வசன அட்டையின் எழுத்துருவோ சொற்களோ படத்தின் காலத்துக்குப் பொருந்தாமல் தோன்றினால், அது கீட்டன் குழுவினர் எழுதியதுதானா என்று ஐயப்படுவதில் தவறில்லை. மூல அட்டைகளா, பின்னர் எழுதப்பட்டவையா என்று சொல்லிவிடும் பதிப்பையே நான் நம்புவேன்.

பிரிண்டுகளுக்கிடையே உள்ள வேறுபாடு அட்டைகளோடு நிற்பதுமில்லை. அக்காலத்தில் உள்நாட்டுக்கு ஒன்று, வெளிநாட்டுக்கு ஒன்று என இரண்டு நெகட்டிவ்கள் தேவைப்பட்டதால், இரண்டு கேமராக்களை அருகருகே நிறுத்திப் படம் பிடிப்பது வழக்கமாக இருந்தது. இதனால் ஒரே காட்சி இரு பிரதிகளில் சற்றே வேறு கோணத்தில் தெரியும், சில சமயம் மறுபடி நடித்துப் படம்பிடித்த வேறு டேக்காகவே இருக்கும். இன்னும் பெரிய வேறுபாட்டுக்கு 'தி பிளாக்ஸ்மித்' சான்று. பல பத்தாண்டுகளாக எல்லோரும் ஒரே வடிவத்தைத்தான் பார்த்துவந்தார்கள். அர்ஜென்டினாவின் திரைப்பட வரலாற்றாளர் ஃபெர்னாண்டோ பெஞ்ஞா கண்டெடுத்த பிரதியில் அதுவரை யாரும் அறிந்திராத காட்சிகள் இருந்தன என்பது 2013இல் தெரியவந்தது. 'ஹார்ட் லக்' படமோ 1987 வரை தொலைந்துபோனதாகவே கருதப்பட்டது. கிடைத்த பின்னும் அதன் இறுதிக் காட்சி தனியே தேடிச் சேர்க்கப்பட வேண்டியிருந்தது. உயரமான பலகையிலிருந்து குதிக்கும் கீட்டன் நீச்சல் குளத்தைத் தவறவிட்டுத் தரையைத் துளைத்துக்கொண்டு போய், ஆண்டுகள் பல கழித்துச் சீன மனைவி மக்களோடு அந்தத் துளை வழியே மேலே வரும் அக்காட்சிதான் படத்தின் உச்சம். அது இல்லாத வட்டை முழுப் படம் என்று நம்பி வாங்குவது எவ்வளவு பெரிய இழப்பு என்பதைச் சொல்லத் தேவையில்லை.

'முழுமை' என்ற சொல்லைப் பொறுத்தவரை மிகப் பரவலான தவறு, ஓடும் நேரத்தை வைத்து அதை அளப்பது. ஒரு பதிப்பு 22 நிமிடம், இன்னொன்று 29 நிமிடம் என்றால் நீளமானதில் கூடுதல் காட்சிகள் இருக்கும் என்று முடிவு கட்டிவிடுகிறோம். 35 மி.மீ. சுருளில் ஓர் அடிக்கு 16 சட்டங்கள் (ஃபிரேம்கள்). இரண்டு ரீல் குறும்படம் என்பது ஏறக்குறைய 2000 அடி, அதாவது 32,000 சட்டங்கள். நொடிக்கு 24 சட்டமாக ஓட்டினால் அது சுமார் 22 நிமிடத்தில் முடியும். 18 சட்டமாக ஓட்டினால் 30 நிமிடத்தை நெருங்கும். ஒரு சட்டம்கூடக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மௌனப் படக் காலத்தில் கேமராவைக் கையால் சுழற்றினார்கள். நிலையான வேகம் என்று எதுவும் இருக்கவில்லை. நகைச்சுவைக் கலைஞர்கள் வேண்டுமென்றே மெதுவாகச் சுழற்றிப் படம்பிடித்து, திரையில் ஓட்டம் துரிதமாகத் தெரியும்படி செய்வதும் உண்டு. ஆகவே கீட்டன் வேகமாக ஓடுவதெல்லாம் பிழை என்று எண்ணி எல்லாவற்றையும் இயல்பு வேகத்துக்கு இழுத்துவிட்டால் நகைச்சுவையின் தாளமே கெட்டுவிடும். எல்லாவற்றையும் 24இல் ஓட்டினாலும் சில படங்கள் பதற்றமாகிவிடும். பதிப்பாசிரியர் எந்த வேகத்தைத் தேர்ந்தார், ஏன் தேர்ந்தார் என்று வட்டோடு வரும் கையேட்டில் சொல்லியிருந்தால் அதையே தரத்தின் முதல் அடையாளமாகக் கொள்ளலாம்.

அடுத்த தவறு, பளபளப்பைக் கண்டு மயங்குவது. கீறலும் புள்ளியும் இல்லாத படமே நல்ல சீரமைப்பு என்பது பொதுவான எண்ணம். ஆனால் தூசியையும் கீறலையும் தானாகவே துடைக்கும் மென்பொருளுக்குப் படச்சுருளில் ஒட்டிய தூசுக்கும் காட்சிக்குள் பறக்கும் தூசுக்கும் வேறுபாடு எளிதில் புலப்படாது. ஒவ்வொரு சட்டமாகக் கண்ணால் சரிபார்க்கும் ஆள் இல்லாவிட்டால் அசலும் சேர்ந்தே அழிந்துவிடும். 'ஸ்டீம்போட் பில் ஜூனியர்' படத்தின் புயல் காட்சியை வைத்து இதைச் சோதித்துப் பார்க்கலாம். வீட்டின் முன்சுவர் முழுதும் சாய்ந்து விழ, மேல் சன்னலின் திறப்பு கீட்டனைச் சுற்றி இறங்க, அவர் அசையாமல் நிற்கும் அந்த இடத்தில், சுவர் தரையில் மோதியதும் எழும் புழுதி எப்படி இருக்கிறது என்று பாருங்கள். புழுதி துகள் துகளாகக் கலைந்து பரவினால் நல்லது. மெழுகுப் பூச்சுப்போல ஒரே மொத்தையாகத் தெரிந்தால், கீட்டனின் முகத்திலிருந்தும் ஏதோ துடைக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். சட்டங்களைப் பெருக்கி நொடிக்கு 60 ஆக்கி, வண்ணமும் ஏற்றி இணையத்தில் உலவும் பிரதிகளைச் சேகரிப்பில் சேர்க்க வேண்டாம் என்பது என் கருத்து. இதற்கு நேர்மாறாக, படத்திலேயே இருந்த நிறத்தை இழந்துவிடுவதும் நடக்கிறது. 'செவன் சான்சஸ்' படத்தின் தொடக்கக் காட்சி இருவண்ண டெக்னிக்கலர் என்னும் வண்ணப்பட முறையில் எடுக்கப்பட்டது. அதைக் கறுப்பு வெள்ளையில் காட்டும் பிரதி குறையுள்ளது. இரவுக் காட்சிக்கு நீலம், விளக்கொளிக்கு மஞ்சள் என்று சாயமேற்றுவதும் அக்கால வழக்கமே என்பதால், அந்தச் சாயத்தைக் கண்டதும் பிற்காலத்துக் கைவேலை என்று ஒதுக்கிவிடக் கூடாது.

சட்டத்தின் இடது ஓரத்தையும் ஒருமுறை கவனியுங்கள். பேசும் படம் வந்த பிறகு ஒலித்தடத்துக்கு இடம் விட்டு எடுக்கப்பட்ட மறுபிரதிகளில் மௌனப் படச் சட்டத்தின் ஒரு பக்கம் வெட்டுப்பட்டது. கீட்டன் சட்டம் முழுவதையும் பயன்படுத்தி நடித்தவர்; ஓரத்தில் நின்று தலை பாதி வெட்டப்பட்டிருந்தால் அது அவர் வைத்த இடமாக இருக்காது.

இசையைப் பற்றியும் ஒரு தெளிவு வேண்டும். சாப்ளின் தம் படங்களுக்குத் தாமே இசையமைத்ததோடு, 'தி கோல்ட் ரஷ்' படத்தை 1942இல் தம் குரலோடு மறுபடியும் வெளியிட்டார். அங்கே படைத்தவரின் விருப்பம் இன்னது என்று சுட்டிக்காட்ட முடியும். கீட்டனுக்கு அப்படி எதுவுமில்லை. 'தி ஜெனரல்' படத்துக்குக் கார்ல் டேவிஸ் இசை உண்டு, ராபர்ட் இஸ்ரேல் இசை உண்டு, 2004ஆம் ஆண்டுப் பிரெஞ்சு வெளியீட்டுக்காக ஜோ ஹிசாய்ஷி அமைத்த இசையும் உண்டு. 'இதுதான் அசல் இசை' என்று யாராவது விற்றால் நம்ப வேண்டியதில்லை.

எல்லாப் படங்களும் ஒரே பெட்டியில் கிடைக்கும் என்று காத்திருப்பது வீண். உரிமைகளும் மூலப் பிரதிகளும் பல கைகளில் சிதறியிருக்கின்றன. தொடக்கத்தில் நகைச்சுவை நடிகர் ரோஸ்கோ ஆர்பக்கிளுடன் நடித்தவற்றில் எஞ்சிய 13 படங்களையும் கீட்டனின் சொந்தக் குறும்படங்கள் 19ஐயும் சேர்த்து மொத்தம் 32 குறும்படங்களைப் பாரிஸ் நகரின் லாப்ஸ்டர் ஃபிலிம்ஸ் சீரமைத்தது. அவை 2016இல் தொகுப்பாக வந்தன. ரோஹௌரின் சேகரிப்பு இன்று அமெரிக்காவின் கோஹன் நிறுவனத்திடம் இருக்கிறது. இத்தாலியின் போலோன்யா நகரில் உள்ள சினெத்தேக்கா என்னும் திரைப்படக் காப்பகத்தோடு இணைந்து 2015இல் அவர்கள் தொடங்கிய பணியிலிருந்து முழுநீளப் படங்கள் அமெரிக்காவில் ஒரு நிறுவனத்தாலும் பிரிட்டனில் யுரேகாவாலும் வெளியிடப்பட்டன. எம்ஜிஎம் ஸ்டுடியோவில் எடுத்த 'தி கேமராமேன்', 'ஸ்பைட் மேரேஜ்' இரண்டும் வார்னர் நிறுவனத்தின் வசம். 2020இல் க்ரைட்டீரியன் வெளியிட்ட வட்டில் இரண்டும் சேர்ந்தே கிடைக்கின்றன. ஆர்பக்கிளுடன் நடித்த 'எ கன்ட்ரி ஹீரோ' இன்றுவரை கிடைக்கவில்லை என்பதால், 'அனைத்தும் அடங்கிய' என்று அட்டையில் அச்சிட்டிருப்பதை அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ள வேண்டும்.

'தி ஜெனரல்' அமெரிக்காவில் வெகுகாலம் முன்பே பொதுவுடைமையாகிவிட்டது. இந்தியச் சட்டப்படியும் திரைப்பட உரிமை வெளியான ஆண்டிலிருந்து 60 ஆண்டுகளே. யார் வேண்டுமானாலும் வெளியிடலாம் என்பதால்தான் நூறு ரூபாய் வட்டுகள் பெருகின. அவற்றில் சட்டச் சிக்கல் இல்லை. ஆனால் அவை பெரும்பாலும் பிரதியின் பிரதியின் பிரதி. புதிய சீரமைப்போடு வரும் புதிய இசைக்குத் தனி உரிமை உண்டு என்பதையும், அந்த வட்டிலிருந்து எடுத்ததைப் பொதுவெளியில் ஏற்றுவோர் நினைவில் கொள்ள வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும்போது, எந்தப் பகுதியின் பிளேயரில் வட்டு ஓடும் என்பதைக் காட்டும் மண்டலக் குறியீட்டைப் பார்க்காமல் பணம் கட்டுவதும் அடிக்கடி நடக்கிறது. ப்ளூ-ரேயில் அமெரிக்கா ஏ, பிரிட்டன் பி, இந்தியா சி. மண்டலம் பூட்டப்பட்ட அமெரிக்க வட்டும் பிரிட்டன் வட்டும் இங்கே விற்கும் சாதாரண பிளேயரில் ஓடாமல் போகலாம்; எல்லா மண்டலங்களையும் ஏற்கும் பிளேயர் ஒன்றை முதலில் வாங்கிவிடுவது, பிறகு ஒவ்வொரு வட்டுக்கும் கவலைப்படுவதைவிட மலிவு. புதிய சீரமைப்பு வந்துவிட்டது என்பதற்காகப் பழைய வட்டை உடனே விற்றுவிடவும் வேண்டாம். முந்தைய பதிப்பில் இருந்த இசையும் விளக்கவுரையும் புதியதில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. கார்ல் டேவிஸின் இசைக்காகவே பழைய 'தி ஜெனரல்' வட்டை வைத்திருப்பவர்கள் உண்டு.